பழுது என்று வந்த எச்சரிக்கை யார் மேஜையில் தூங்குகிறது?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

கல்பாக்கம் என்று வாயைத் திறந்தாலே, "அதையெல்லாம் பார்க்க வாரியம் இருக்கிறது சார், உங்களுக்கு ஏன் கவலை?" என்கிறார்கள். திருவேற்காட்டிலிருந்து நேர்கோட்டில் 60 கிலோமீட்டருக்குள் இருக்கிறது கல்பாக்கம். எனக்கு இல்லாமல் யாருக்குக் கவலை?

நான் அணு உலை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது வேறு சண்டை. ஒரு கருவி பழுது என்று தெரிந்த பிறகு அந்தச் செய்தி எங்கே போகிறது? என் கேள்வி அவ்வளவுதான்.

நரோராவை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? உத்தரப் பிரதேசம், 1993 மார்ச் 31 அதிகாலை. டர்பைனின் இரண்டு இதழ்கள் முறிந்தன. அந்த அதிர்வில் ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. கேபிள்கள் எரிந்து, சுமார் 17 மணி நேரம் நிலையத்தில் மின்சாரமே இல்லை. ஊழியர்கள் டார்ச் லைட்டோடு இருட்டில் கட்டடத்தின் மேலே ஏறி, அணுவினை மறுபடி தொடங்காமலிருக்க போரான் கரைசலைக் கையால் திறந்துவிட்டார்கள். கதிர்வீச்சு வெளியே வரவில்லை. அந்த ஊழியர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

இனிதான் வயிறு எரிகிற விஷயம். அந்த வகை டர்பைன் இதழ்களில் விரிசல் விழுகிறது, வடிவமைப்பை மாற்றுங்கள் என்று மூல வடிவமைப்பாளரான பிரிட்டனின் ஜி.இ.சி. நிறுவனம் 1989-லேயே தெரிவித்துவிட்டது. டர்பைனைச் செய்துகொடுத்த நம் பெல் நிறுவனமும் மாற்றச் சொன்னது. அணுமின் கழகம் மாற்றியது எப்போது? விபத்து நடந்த பிறகு! கேபிள் கதையும் இதேதான். 1975-லேயே அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெரி நிலையத்தில் கேபிள்கள் எரிந்தன. மாற்று மின்சாரத்துக்கான கேபிளைத் தனிவழியில் கொண்டுபோக வேண்டும் என்பது உலகம் அன்று படித்த பாடம். 18 வருடம் கழித்து நரோராவில் அவை ஒன்றாகக் கிடந்து ஒன்றாக எரிந்தன.

அமெரிக்காவும் ஒழுங்காக இருந்துவிடவில்லை. 1977-ல் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. உலையைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்களே எச்சரித்துக் குறிப்பு எழுதினார்கள். அது மற்ற நிலையங்களுக்குப் போகவில்லை. 18 மாதம் கழித்து த்ரீ மைல் ஐலேண்டில் அதே மாதிரி வால்வு, அதே மாதிரி குழப்பம், உலை பாதி உருகியது. ஆனால் பட்டபின் திருந்தினார்கள். இன்று அங்கே நிலையத்தில் கோளாறு என்றால் முதல் தகவல் பெரும்பாலும் மறுநாளே இணையத்தில் வந்துவிடுகிறது. 60 நாளுக்குள் விரிவான அறிக்கை தர வேண்டும். அதையும் யாரும் படிக்கலாம்.

இங்கே? நிலையங்கள் அறிக்கை அனுப்புகின்றன, வாரியத்தின் குழுக்கள் ஆராய்கின்றன, மறுக்கவில்லை. 2013 ஏப்ரலில் கூடங்குளம் முதல் உலையில் நான்கு வால்வுகள் சரியாக வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்து, பாகங்களை மாற்றச் சொன்னதும் இதே வாரியம்தான். பாராட்டுகிறேன். ஆனால் அந்த வால்வுகள் யார் செய்தவை, தரச்சோதனையைத் தாண்டி உள்ளே வந்தது எப்படி, வேறு எங்கெல்லாம் அதே வகை இருக்கிறது? அறிவிப்பு அதைச் சொல்லவில்லை. ஆண்டறிக்கையில் நமக்குக் கிடைப்பது நிகழ்வுகளின் எண்ணிக்கையும் சில வரிகளும். அம்பத்தூர் எஸ்டேட்டில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் என் பழைய மாணவன் சொல்கிறான்: "ஒரு பீஸ் பழுதென்று திரும்பி வந்தால், அந்த லாட்டையே நிறுத்திவிட்டுத்தான் சார் காரணம் தேடுவோம்." பம்பு செய்கிற கம்பெனியில் இருக்கும் ஒழுக்கம் அணு உலையில் இருக்கிறதா என்று நான் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாதா?

1983-ல் வாரியத்தை அமைத்தபோதே கோணல். அது அணுசக்தி ஆணையத்துக்குக் கட்டுப்பட்டது. ஆணையத்தின் தலைவரும் அணுசக்தித் துறையின் செயலாளரும் ஒரே ஆள். உலை நடத்தும் கழகம் அந்தத் துறையின் கீழ். மும்பை அணுசக்தி நகரில் இரண்டுக்கும் அலுவலகம். வாத்தியாரே தன் வகுப்புக்கு இன்ஸ்பெக்‌ஷன் போட்டுக்கொள்வது மாதிரி! 2012-ல் தணிக்கைத் துறைத் தலைவர் குட்டினார். 2015-ல் சர்வதேச அணுசக்தி முகமையின் குழுவும் வந்து, வாரியத்தின் சுதந்திரத்தைச் சட்டத்தில் எழுதுங்கள் என்றது.

2025 டிசம்பரில் சாந்தி சட்டம் வந்து வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. நல்லது. அதே சட்டம், பழுதான கருவி கொடுத்தவனிடம் நட்டஈடு கேட்க 2010 சட்டத்தில் இருந்த 17(பி) பிரிவை எடுத்துவிட்டது. பழுதுக்கு விற்றவன் பதில் சொல்ல வேண்டாம் என்றால், பழுதைப் பற்றிய தகவலாவது ஊருக்குத் தெரிய வேண்டாமா?

கல்பாக்கம், கூடங்குளம் நிகழ்வறிக்கைகளை முழுசாக, தமிழிலும் வெளியிடச் சொல்லி வாரியத்துக்கு எழுதப் போகிறேன். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, கடந்த ஐந்தாண்டு அறிக்கைகளின் நகல் கேட்கிறேன். மனு தயாரானதும் இங்கே போடுகிறேன். சேர்க்க வேண்டிய கேள்வி இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.