கோணல் சூரியன்



கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. கத்திரி வெயிலின் கொடுமையால் காலை பத்து மணிக்கு மேல் குழந்தைகளை வெளியே அனுப்ப மனம் துணிவதில்லை. வீட்டினுள்ளே வைத்திருந்தாலோ, அவர்கள் கையிலிருந்து கைப்பேசியைப் பறிப்பதே தாய்மாரின் முழுநேரப் பணியாகிவிடுகிறது. "பள்ளி திறக்கும் வரையில் இதுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சாமி?" என்று நம்மிடம் கேட்போர் பலர். நாம் சொல்லும் விடை எளியது. வீட்டில் ஒரு சுவரைக் குழந்தைகளுக்கென்று கொடுத்துவிடுங்கள். வெளியே காயும் கோடையை அவர்கள் தம் கையாலேயே செய்து அச்சுவரில் மாட்டட்டும்.

இதனை விளக்குமுன் நாம் செய்த பிழையொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கு மண்டபத்தில் சிறுவர்க்கான கோடை வகுப்பு நடைபெற்றது. ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அட்டைத் தட்டுக்கு மஞ்சள் பூசி, காகிதக் கீற்றுகளைக் கதிர்களாக ஒட்டிச் சூரியன் ஒன்றைச் செய்து சுவரில் மாட்டினான். கதிர்கள் யாவும் ஒரே பக்கத்தில் நெருங்கிக் கிடந்தன. மறுபக்கம் மொட்டையாக இருந்தது. மறுநாள் நிறைவு விழா. விருந்தினர் கண்டால் நகைப்பரே என்றெண்ணி, அன்றிரவு நாமே கதிர்களைப் பிய்த்தெடுத்துச் சுற்றிலும் சீராக ஒட்டிவைத்தோம்.

காலையில் அவன் சுவரெங்கும் தேடினான். "என் சூரியன் எங்க, சாமி?" என்றான். "இதோ" என்று சுட்டிக்காட்டினோம். "இது என்னுது இல்ல. என் சூரியன் அம்மா துணி காயப்போடுற பக்கமாத்தான் அடிக்கும்" என்றான். நாம் வாயடைத்து நின்றோம். மன்னிப்புக் கேட்டு, வேறு தட்டும் பசையும் கொடுத்தோம். அவன் அவற்றைத் தொடவேயில்லை.

நமக்குக் கோணலாகத் தெரிந்தது அவனுக்குக் காரணத்தோடு கூடிய ஒழுங்கு. குழந்தைகளின் ஓவியத்தை ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்டு 1947-இல் வெளியிட்ட நூலில் இதனைப் படிப்படியாக விளக்கியுள்ளார். இரண்டு முதல் நான்கு வயது வரை குழந்தை கிறுக்கும்; கையை அசைத்தால் கோடு பிறக்கிறதே என்னும் மகிழ்ச்சியே அதற்குப் போதும். நான்கு முதல் ஏழு வயது வரை வடிவங்கள் தோன்றும். ஆனால் எது தனக்கு முக்கியமோ அதுவே பெரிதாக வரும். வீட்டைவிட அம்மா உயரமாக நிற்பது இதனால்தான். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், குழந்தை தானே செய்யக்கூடியதில் நாம் தேவையின்றிக் கை வைப்பது அதன் வளர்ச்சிக்குத் தடை என்றே கற்பித்தார்.

இனி, வேலைக்கு வருவோம்.

முதலில் சுவர். தாளைச் சுவரில் நேரே ஒட்ட வேண்டாம். சுண்ணாம்பும் வண்ணமும் பெயர்ந்துவிடும். இரண்டு ஆணிகளுக்கிடையே சணல் கயிற்றைக் கட்டித் துணி மாட்டும் கிளிப்புகளைக் கோத்துவிடுங்கள். கயிறு குழந்தையின் கண் மட்டத்தில் இருக்கட்டும். ஐந்து வயதுக் குழந்தைக்குத் தரையிலிருந்து 3 அடிக்குச் சற்று மேல். பெரியவர்கள் குனிந்து பார்ப்பதால் குறைவொன்றுமில்லை.

அடுத்துப் பசை. மைதா ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறினால் கண்ணாடிபோல் மின்னிவரும். அடுப்பு வேலை பெரியவர்களுடையது. இப்பசை ஓரிரு நாளில் புளித்துவிடுமாதலால் அன்றன்றைக்கு வேண்டிய அளவே காய்ச்சுக.

முதல் வேலை மஞ்சள் சூரியன். அரை டம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளைக் கலக்கி, பழந்துணியால் வெள்ளைத் தாளில் பூசி உலர்த்துங்கள். மற்றொரு டம்ளரில் அதே அளவு நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரையுங்கள். குச்சியில் பஞ்சைச் சுற்றி, சோடா நீரில் தோய்த்துக் குழந்தை கோடிழுக்கட்டும். மஞ்சள் தாளில் செங்கதிர்கள் தோன்றும். மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்புப் போட்டதும் சிவப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மஞ்சளிலுள்ள நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் மீண்டும் மஞ்சளாகும். சிவந்த கோட்டின் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு துளி விட்டுக் காட்டுங்கள். குழந்தையின் முகத்தைப் பாருங்கள். சோடா நீர் பட்ட கையால் கண்ணைத் தேய்க்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கொன்றை மரம். கோடையில் சரக்கொன்றை மஞ்சளாகவும் மயிற்கொன்றை சிவப்பாகவும் பூத்துக் குலுங்குவதைக் குழந்தைகள் வழியெல்லாம் காண்கிறார்கள். இரண்டுக்கும் இதழ்கள் ஐந்து. முற்றிய வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் பெரும்பாலும் ஐந்து அறைகள் தெரியும், அதுவே அச்சு. கரித்துண்டால் ஒரு கிளை வரையச் சொல்லுங்கள். குழைத்த மஞ்சளில் தோய்த்துக் கீழ்நோக்கிப் பதித்தால் சரக்கொன்றை. கெட்டியான பீட்ரூட் சாற்றில் தோய்த்து மேலே பரப்பினால் மயிற்கொன்றை. மூன்று வயதுக் குழந்தைக்கும் இது கைகூடும்.

மூன்றாவது ஓலைப் பின்னல். குருத்து ஞாயிறன்று ஓலையில் சிலுவை மடிக்கக் கற்ற விரல்களுக்கு இது எளிது. பனங்குருத்தோலையை அரை அங்குல அகலக் கீற்றுகளாக வகுந்து, ஈரத்துணியில் சிறிது நேரம் சுற்றிவைத்தால் ஒடியாமல் வளையும். மேல் ஒன்று, கீழ் ஒன்றாகச் சிறு பாய் பின்னி, நடுவில் குழந்தையின் கையச்சைப் பதியுங்கள். ஓலையின் விளிம்பு விரலைக் கிழிக்கும். ஆதலின் ஆறு வயதுக்குக் குறைந்தோர் பழைய நாட்காட்டித் தாளைக் கீற்றாக்கிப் பின்னட்டும். வீட்டில் பாட்டி இருந்தால் ஓலை மீனும் கிளியும் மடிக்கத் தெரியுமா என்று கேளுங்கள். கேட்பாரில்லாமல் அக்கலை அவர்கள் விரல்களிலேயே தங்கியிருக்கக்கூடும்.

இவற்றைச் செய்கையில் பெற்றோர்க்கு மூன்று வேண்டுகோள். மாதிரி ஒன்றைச் செய்து முன்னே வைக்காதீர்கள்; வைத்தால் குழந்தை கொன்றையைப் பார்க்காது, உங்கள் மாதிரியையே பார்க்கும். முடிந்தபின் "இது என்ன?" என்று வினவாதீர்கள், அக்கேள்வியில் "ஒன்றும் விளங்கவில்லை" என்னும் குற்றச்சாட்டு மறைந்துள்ளது. "இதைப் பற்றிச் சொல்லு" என்று கேளுங்கள். மூன்றாவதாக, விருந்தினர் வருகிறார்களென்று எதையும் எடுத்து மறைக்காதீர்கள், திருத்தவும் செய்யாதீர்கள்.

மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் நாளடைவில் வெளுத்துப்போகும். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் சுவர்ச் சூரியன் மங்கியிருக்கும். அது நல்லதே. கோடை முடிந்ததைக் குழந்தை அதிலேயே கண்டுகொள்ளும். கயிற்றை அவிழ்க்கும் நாளில் தனக்குப் பிடித்த ஒன்றை அதுவே தேர்ந்தெடுக்கட்டும். அதன் பின்புறம் பெயர், வயது, தேதி ஆகியவற்றோடு, குழந்தை சொன்ன விளக்கத்தையும் அதன் சொற்களிலேயே எழுதி வையுங்கள்.

அந்த அட்டைத் தட்டு நம் மேசை இழுப்பறையில் இன்றும் இருக்கிறது. கதிர்கள் நாம் ஒட்டியபடியே சுற்றிலும் சீராக இருக்கின்றன. உரியவனிடம் திருப்பிக் கொடுப்பதற்கு அதில் அவனுடையது அதிகம் மிஞ்சவில்லை.

அடுத்த திங்களில் சந்திப்போம்.