சாயம் மறையும் வேகம் மட்டும் போதுமா?

ஆய்வக எலிக்கு இண்டோசயனின் கிரீன் சாயத்தைச் செலுத்தி, அது இரத்தத்தில் பாதியாகக் குறையும் நேரத்தைப் பார்த்தாலே கல்லீரலின் நிலை தெரிந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அதற்கு அடிப்படை உண்டு. இச்சாயம் பிளாஸ்மாப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு இரத்தக்குழாய்க்குள் நிற்கும். ஏறக்குறைய முழுவதையும் கல்லீரலே எடுத்து, உருமாற்றாமல் பித்தநீரில் சேர்க்கிறது. ஆனால் நீக்கும் உறுப்பு ஒன்று என்பதால், மறையும் வேகத்தைத் தீர்மானிப்பதும் அது ஒன்றே ஆகிவிடாது.

அந்த வேகம், கல்லீரல் நிமிடத்துக்குச் சுத்திகரிக்கும் பிளாஸ்மாவை மொத்தப் பிளாஸ்மாவால் வகுத்துக் கிடைப்பது. பிளாஸ்மா 10 மி.லி., அதில் நிமிடத்துக்கு 2 மி.லி. சுத்தமாகிறது என்று வைத்துக்கொள்வோம்: சாயம் பாதியாக மூன்றரை நிமிடம் ஆகும். கல்லீரலின் வேலை மாறாமல் பிளாஸ்மா மட்டும் 14 மி.லி. ஆகிவிட்டால், அதற்கே ஏறத்தாழ ஐந்து நிமிடம் பிடிக்கும். பிளாஸ்மாவை அளக்காதவர் இதைக் கல்லீரல் பாதிப்பு என்றே பதிவு செய்வார். இரத்தம் இழந்த எலியிலோ, சுருங்கிய பிளாஸ்மா கல்லீரலின் நலிவை மறைத்துவிடக்கூடும்.

பிளாஸ்மாவைத் தனியே அளப்பானேன், எடையிலிருந்தே இரத்த அளவையும் அதன்வழி பிளாஸ்மாவையும் கணிக்கலாமே என்பது முதல் எதிர்வாதம். ஆய்வாளர்கள் லீயும் பிளாஃபாக்ஸும் 1985இல் தந்த சூத்திரப்படி, கிராம் எடையை 0.06ஆல் பெருக்கி 0.77ஐக் கூட்டினால் மி.லி. கணக்கு வரும், 300 கிராம் எலிக்கு 18.77. நலமான எலிக்கு இது நல்ல மதிப்பீடு. ஆனால் இரத்தப்போக்கு, சிரோசிஸ், உடல் பருமன் ஆகியவற்றை ஆராயும்போது, சோதனையே அந்த இயல்பு நிலையைக் கலைத்துவிடுகிறது. சூத்திரம் தேவைப்படும் இடத்திலேயே அது கைவிடுகிறது.

சாயச் செறிவு குறையும் வளைகோட்டை, சாயம் செலுத்திய நொடிக்குப் பின்னோக்கி நீட்டினால் பிளாஸ்மா அளவும் கிடைக்குமே என்பது இரண்டாவது. கிடைக்கும், ஆனால் சாயம் உடலெங்கும் கலந்து முடிவதற்குள் கல்லீரல் அதை எடுக்கத் தொடங்கிவிடுவதால் பிழை நுழைகிறது. பிளாஸ்மாப் புரதமான ஆல்புமினோடு பிணைந்து மெதுவாகவே வெளியேறும் எவான்ஸ் புளூ என்ற சாயத்தை முதலில் செலுத்திப் பிளாஸ்மாவை அளப்பது அதைவிட நம்பகமானது. அது சுமார் 620 நானோமீட்டரிலும், இண்டோசயனின் கிரீன் பிளாஸ்மாவில் சுமார் 805லும் ஒளியை மிகுதியாக உறிஞ்சுவதால் இரண்டையும் பிரித்து அறியலாம்.

இதற்கென எடுக்கும் கூடுதல் இரத்த மாதிரிகளே எலியின் இரத்தத்தைக் குறைத்துவிடும் என்ற கவலை நியாயமானது. 0.2 மி.லி. வீதம் ஐந்து முறை எடுத்தால் 1 மி.லி.; 300 கிராம் எலிக்கு அது மொத்த இரத்தத்தில் ஐந்து சதவீதத்துக்கும் மேல். எனவே மாதிரிகளைச் சிறிதாக்கி, எடுத்ததை ஈடுசெய்ய வேண்டும். அளவீட்டையே கைவிடுவது தீர்வல்ல. ஓர் உயிரைப் பயன்படுத்திப் பெறும் எண்ணுக்கு இரண்டு விளக்கங்கள் பொருந்துமானால், அந்த உயிருக்கு நாம் நியாயம் செய்யவில்லை. வேகத்தை வெளியிடுபவர் பிளாஸ்மா அளவையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.