ஒரே தராசில் நிறுக்கலாமா?

"இயேசு பெரியவரா, நபிகள் நாயகம் பெரியவரா?" நான் கேட்ட இக்கேள்வியால் என் இஸ்லாமியத் தோழி இரண்டு நாட்கள் என்னுடன் பேசவில்லை.

பிறகு சிந்தித்தேன். நமக்கு இயேசு இறைமகன். அவர்களுக்கு நபிகள் இறைத்தூதர், இறைவன் அல்லர். ஒரே தராசில் எப்படி நிறுப்பது?

இயேசு சிலுவையில் தொங்கியபடியே பகைவரை மன்னிக்கும்படி தந்தையிடம் வேண்டினார். கி.பி. 630-இல் வெற்றியுடன் மக்கா திரும்பிய நபிகள், தம்மைத் துன்புறுத்திய ஊராருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார்.

திருக்குர்ஆனின் 19-ஆம் அத்தியாயம் நம் அன்னை மரியாளின் பெயரையே கொண்டது. ஆனால் இயேசுவின் சிலுவை மரணத்தை இஸ்லாமியர் ஏற்பதில்லை. இந்த வேற்றுமையை மறைக்கவும் வேண்டாம். அதற்காகப் பகைக்கவும் வேண்டாம்.

தோழியரே, மன்னித்த இருவரின் பெயரால் சண்டையை மூட்டியவள் நான். மூன்றாம் நாள் தோழியிடம் மன்னிப்புக் கேட்டேன்.