வெள்ளைக்கழிச்சல்: கீழாநெல்லியும் மஞ்சளும் நாட்டுக்கோழியைக் காப்பாற்றுமா?

தீவனம் போட்டதும் ஓடி வரும் கோழி, திடீரென றெக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் நிற்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். சில நாட்களில் கூடே காலி. தூத்துக்குடி மாவட்டத்தில் விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் மானாவாரி கிராமங்கள் முதல் திருச்செந்தூர் கடலோரம் வரை, நாலைந்து கோழி வளர்க்கும் வீடுகளின் பயம் இதுதான். உடனே கை போவது அஞ்சறைப் பெட்டிக்கும் கீழாநெல்லிச் செடிக்கும். பலன் இருக்கா?

இது என்ன நோய்?

ராணிக்கெட் எனும் வைரஸ் நோய். 1926-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்டறியப்பட்டதால் உலகம் இதை நியூகாசில் நோய் என்கிறது. இந்தியாவில் இன்றைய உத்தராகண்டின் ராணிக்கெட் ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது. எச்சம், சளி, தண்ணீர், ஏன், நம்ம செருப்பு வழியாகக்கூட பரவும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் வீரியமான வைரஸ் புகுந்தால் பெரும்பாலான கோழிகள் செத்துவிடும்.

நாட்டு மருந்தில் என்ன இருக்கு?

சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றை அரைத்துத் தீவனத்தில் கலந்து கொடுப்பது வழக்கம். இதை வெறும் பாட்டி வைத்தியம் என ஒதுக்க முடியாது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே மூலிகை மருத்துவத்துக்காகத் தஞ்சாவூரில் தனி மையம் நடத்தியிருக்கிறது. ஆனால் கோழியின் உடலுக்குள் பரவிவிட்ட வைரஸை அழிக்கும் மருந்து மூலிகையிலும் இல்லை, ஆங்கில மருத்துவத்திலும் இல்லை. நோயுற்ற கோழி தெம்பாக இருக்க இது துணை மட்டுமே.

அப்போ சிலருக்கு எப்படிப் பலிக்குது?

வீரியம் குறைந்த வைரஸ் என்றால் சில கோழிகள் தானாகவே தேறும். கழிச்சல் எல்லாமே ராணிக்கெட்டும் அல்ல. இரத்தக் கழிச்சல் ஒட்டுண்ணியால் வருவது. பிழைத்த கோழியின் பெருமை கடைசியாகக் கொடுத்த மருந்துக்குப் போய்விடுகிறது.

தடுப்பூசி போடுவதில் என்ன சிக்கல்?

குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண் அல்லது மூக்கில் சொட்டு மருந்து, 8-வது வாரத்தில் றெக்கையில் ஊசி. இதுதான் முறை. ஆனால் ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கான மருந்து இருக்கும். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். கலக்கிய பிறகு ஓரிரு மணி நேரத்தில் போட்டு முடிக்கணும். பத்துக் கோழி வைத்திருப்பவர் மூலிகையை நாடுவது அறியாமையால் மட்டுமல்ல, இதனாலும்தான்.

இதற்கு வழி இருக்கிறது. கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இருவார இலவச முகாம் நடத்துகிறது. அதைத் தவறவிட்டால், தெருவில் கோழி வளர்ப்போர் சேர்ந்து கால்நடை மருந்தகத்தை அணுகலாம்.

நோய் வந்துவிட்டால்?

நோயுற்றதைத் தனியே பிரிக்கணும். வந்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிடக் கூடாது; அடுத்த ஊருக்கு நோய் போவது அப்படித்தான். செத்ததைச் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைக்கணும். கோழிகள் கூட்டமாகச் செத்தால் கால்நடை மருத்துவரிடம் உடனே சொல்வது கட்டாயம். பறவைக் காய்ச்சலும் இப்படித்தான் தெரியும். அது மனிதருக்கும் தொற்றக்கூடியது.

கீழாநெல்லி அரைப்பதில் தப்பில்லை. ஆனால் தடுப்பூசி அதற்கு முன்பே போட்டிருக்கணும்.