சாடையாய்ச் சொன்னது



சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தமிழ்ப் பாடத்தில் அணியிலக்கணம் வந்ததும் கொப்பியில் ஒரு நீளப் பட்டியல் ஏறிவிடும். உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், சிலேடை, வஞ்சப்புகழ்ச்சி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம், ஓர் உதாரணம். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிக்கும். பரீட்சை முடிந்த கையோடு மறந்தும் விடும்.

பிள்ளையில் பிழை சொல்ல மாட்டேன். தண்டியலங்காரம் பொருளணிகளை மட்டுமே 35 ஆக வகுத்து வைத்திருக்கிறது. பதினைந்து வயதில் அந்தப் பெயர்கள் மருந்துப் பெயர்கள் மாதிரித்தான் காதில் விழும். என் கேள்வி வேறு. அந்தப் பெயர்களுக்குரிய சரக்கு முழுக்க நம் குசினியிலும் முற்றத்திலும் கிடக்கும்போது, அதை ஏன் நாம் பிள்ளைக்குக் காட்டுவதில்லை?

தற்குறிப்பேற்றத்தையே எடுத்துக்கொள்வோம். இதற்கு ரியூசன் நோட்ஸில் பெரும்பாலும் ஒரே உதாரணம்தான். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். மதிலின் மேல் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. உள்ளே வரவேண்டாம் என்று அவை கை காட்டுவதாக இளங்கோவடிகள் சொல்கிறார். கொடி ஆடியது காற்றால். கை காட்டியது, நடக்கப்போவதை அறிந்த புலவரின் மனம்.

அந்தக் கண்ணகி நமக்கு மதுரையோடு முடிந்தவள் இல்லையே! மதுரை எரிந்த பிறகு ஈழத்துக்கு வந்தவள். நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த சிறுவர்களுக்கு மூதாட்டியாகத் தோன்றி விளக்கேற்றச் சொன்னவள். எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை ஊற்றி ஏற்றச் சொன்னாள், எரிந்தது என்பது கதை. இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரித்து, அதன்பின்தான் வற்றாப்பளை அம்மன் கோயிலில் பொங்கல். பொங்கலுக்குப் போய்வந்த பிள்ளையிடம், "எங்கட அம்மாள் மதுரைக்குப் போகேக்க கொடி என்ன சொன்னது தெரியுமோ?" என்று தொடங்கிப் பாருங்கள். தற்குறிப்பேற்றம் என்ற பெயர் அதற்குப் பிறகும் பயமுறுத்துமா?

இன்னொன்று. சங்க அகப்பாடல்களில் உள்ளுறை உவமம் உண்டு. புலவர் மரத்தையும் பறவையையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். சொல்ல வந்தது காதலர் மனத்தை. நம் வீடுகளில் இதன் தங்கச்சிக்குச் சாடை என்று பெயர். மருமகள் பிந்தி எழும்பினால் மாமியார் அவளிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். முற்றத்தில் படுத்திருக்கும் நாயைப் பார்த்து, "விடிஞ்சு எவ்வளவு நேரம், இன்னும் உனக்கு நித்திரையோ?" என்பார். நாய் அசையாது. குசினிக்குள் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாக வைக்கப்படும். (நீங்கள் எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு பக்கத்திலும் நமக்கு வாசகர்கள் இருக்கிறார்கள்.)

வெளிக்கிடும்போது "போறன்" என்று சொல்ல எந்த வீட்டில் விடுவார்கள்? "போட்டு வாறன்"தான். அம்மை கண்டால் "அம்மாள் வந்திருக்கிறா". நன்னூல் இதற்கு மங்கலம் என்று பெயர் வைத்திருக்கிறது. இலக்கணம் படிக்காத அம்மம்மா அதை ஒருநாளும் பிழையாகப் பாவித்ததில்லை.

நம் வன்னி மண்ணில் இந்த வழக்கு இன்னும் ஆழமாய்ப் போயிருக்கிறது. போர் முடிந்த 2009ஐ நாம் எப்படிச் சொல்கிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? "முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு" என்கிறோம். ஓர் ஊரின் பெயர் அங்கே நடந்த அத்தனைக்கும் பெயராகிவிட்டது. வகுப்பில் "ஊர் சிரித்தது" என்று சொல்லி இடவாகுபெயரை விளக்குகிறோம். வன்னிப் பிள்ளைக்கு அந்த உதாரணம் எதற்கு? "கடைசி நேரம்" என்பார்கள். எதன் கடைசி என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

அணி என்றால் செய்யுளுக்குப் போடும் நகை என்று சொல்லித் தருகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. நேரே சொன்னால் சொல்கிறவருக்கும் தாங்காது, கேட்கிறவருக்கும் தாங்காது என்ற இடத்தில் இப்படிச் சுற்றிப் பேசும் பேச்சுத்தான் பல வீடுகளைத் தாங்கியிருக்கிறது.

ஆனால் எல்லா மென்மையும் நமக்கு நல்லதல்ல. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுத் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய உறவுகளைக் கேட்டுப் பாருங்கள். அரச கடதாசி "காணாமற்போன ஆட்கள்" என்கிறது. அந்தத் தாய்மார் "காணாமல் ஆக்கப்பட்டோர்" என்பதை விட்டுக் கொடுப்பதில்லை. போனவர் தன்பாட்டில் போனவர். ஆக்கப்பட்டவருக்குப் பின்னால் ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார். எங்கே பூசிச் சொல்வது, எங்கே பூசக்கூடாது என்பதை அவர்களைவிட நன்றாக யாரும் படிப்பித்துவிட முடியாது.

பிள்ளைகளின் கட்டுரைகளைப் பார்க்கும்போது ஒரு கவலை வருகிறது. முகம் என்றால் நிலவு, பல் என்றால் முத்து, நடை என்றால் அன்னம். அன்னத்தை எந்தப் பிள்ளை கண்டது? தொல்காப்பியர் உவமைக்குச் செயல், பயன், வடிவம், நிறம் என்ற நான்கையும்தான் அடிப்படையாகச் சொன்னார். அன்னம் கட்டாயம் என்று சொல்லவில்லை. இரணைமடுக் குளம் வான் பாய்வதைப் பார்த்த பிள்ளை, பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிக்கொண்ட பிள்ளை, அதைக்கொண்டே எழுதலாமே. அ. பாலமனோகரன் அப்படித்தான் எழுதினார். 1973இல் வந்த அவருடைய நாவலின் கதை நடப்பது தண்ணிமுறிப்பில். நாயகி பதஞ்சலிக்கு உவமை தேடி அவர் தூரம் போகவில்லை. நிலத்துப் பொந்தில் வாழும், உயரப் பறக்காத நிலக்கிளியை நம் காட்டிலிருந்தே எடுத்து நூலுக்கும் அதையே பெயராக வைத்தார். வன்னியை வெளியூர் வாசகருக்குக் காட்டிய நாவல்களில் அது முன்வரிசையில் நிற்கிறது.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வருகிற பள்ளி விடுமுறையில் ஒரு பழைய கொப்பியைப் பிள்ளையிடம் கொடுங்கள். அம்மம்மா, அப்பப்பா சொல்லும் பழமொழி, சாடை, நையாண்டி, ஒப்பாரி எதுவானாலும் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள். எழுதப் பஞ்சியென்றால் போனில் பதிவு செய்யட்டும். எந்த அணி என்று பிறகு ரீச்சரிடம் கேட்டுக்கொள்ளலாம். எங்களுக்கு அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டில் பத்திரமாக இருந்தால் போதும். பெரியவர்கள் இருக்கிற வீடுகள் தயவுசெய்து தள்ளிப்போட வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்