“தொண்டர்” என்ற சொல்லை முதலில் எடுங்கள்

காலை ஏழரை மணிக்குச் சற்று முன், புல்மோட்டை வீதியால் வரும் பஸ்ஸிலிருந்து நிலாவெளிப் பக்கம் இறங்கும் ஓர் ஆசிரியையின் பின்னால் போய்ப் பாருங்கள். செருப்பில் ஏறிய மணலை உதறிவிட்டு அதிபரின் அறைக்குள் நுழைகிறார். மேசையில் தடித்த மட்டை போட்ட வரவு இடாப்பு இருக்கிறது. அதில் அவருக்குக் கோடு இல்லை. பக்கத்தில் கிடக்கும் நாற்பது பக்கக் கொப்பியில், அடிமட்டம் வைத்துக் கீறிய கட்டத்தில், கையொப்பம் வைத்துவிட்டு எட்டாம் வகுப்புக் கணிதத்துக்குப் போகிறார். பிள்ளைகளுக்கு அவர் டீச்சர். நேரசூசியிலும் அவர் பெயர் உண்டு. இலங்கை ஆசிரியர் சேவையில்தான் இல்லை.

இவர் தொண்டர் ஆசிரியராக இருக்கலாம். அல்லது பாடசாலையில் இணைக்கப்பட்ட அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கலாம். கிழக்கு மாகாண நிர்வாகம் இரண்டு வகையினரையும் வருடக்கணக்கில் இழுத்தடித்து வருகிறது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

தொண்டர் ஆசிரியர் என்ற வகை போரின் பிள்ளை. வெளியூர் ஆசிரியர்கள் வரப் பயந்த, வந்தாலும் தங்காத காலத்தில், உயர்தரம் முடித்த ஊர்ப் பிள்ளைகள்தான் வகுப்பறைகளைப் பூட்டாமல் காத்தார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் முடிந்ததைக் கொடுத்தது, முடியாத மாதம் கையை விரித்தது. அந்த நெருக்கடியில் அதைத் தொண்டு என்று சொன்னதில் பிழையில்லை. 2009 இல் போர் முடிந்தது. அதற்குப் பிறகும் அதே சொல்லைச் சொல்லி வேலை வாங்குவது தொண்டல்ல, கூலி கொடாமை.

தொண்டர் ஆசிரியர்களை நேர்முகத்தேர்வுக்குக் கூப்பிட்டால், பழைய வரவு இடாப்பைக் கொண்டுவா, பாடசாலைச் சம்பவத்திரட்டில் பெயர் காட்டு என்கிறார்கள். இந்தக் கரையில் 2004 டிசெம்பர் 26 அன்று கடல் எதை எதையெல்லாம் கொண்டுபோனது என்பது அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாதா? அதேவேளை, ஒரு நாளும் வெண்கட்டி பிடிக்காதவர்களும் அரசியல்வாதியின் கடிதத்தோடு தொண்டர் பட்டியலில் புகப் பார்த்தார்கள் என்ற முறைப்பாட்டையும் நாம் மறைக்கவில்லை. கள்ளப் பெயரை வெட்டுங்கள். அதைச் சாட்டி உண்மைப் பெயரையும் சேர்த்துக் கிடப்பில் போடாதீர்கள்.

பட்டதாரிகளின் கதை வேறு. 2017 பெப்ரவரியில் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் அமர்ந்த வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் எழும்பவில்லை. திருகோணமலையிலும் வீதியோரம் கொட்டில் போட்டு இருந்தார்கள். பிறகு 2020 இல், நாடு முழுவதும் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவில் பயிலுநர்களாக எடுத்தது அரசு. அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று பெயர் வைத்து, ஆயிரக்கணக்கானோரைப் பாடசாலைகளுக்கு அனுப்பியது. அவர்களுக்கு வேலை நிரந்தரம்தான், மறுக்கவில்லை. ஆனால் படிப்பிப்பது ஆசிரியர் வேலை, சம்பளமும் பதவி உயர்வும் வேறு சேவையில். நாளைக்கே ஒரு பிரதேச செயலகத்துக்கு மாற்றினாலும் கேட்க முடியாது. ஆசிரியர் சேவையில் சேர்க்கப் போட்டிப் பரீட்சை என்றார்கள். 2023 மார்ச்சில் நடக்கவிருந்த அந்தப் பரீட்சையை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையால் நிறுத்தியது. வழக்கு நீதிமன்றத்தின் விடயம். வழக்கு வரும் அளவுக்கு ஆட்சேர்ப்பைக் குழப்பியது யார் என்பதுதான் எமது கேள்வி.

இந்த நோய் கிழக்குக்கு மட்டும் உரியதல்ல. மலையகத்தில் 2015 இல் ஆசிரியர் உதவியாளர்களை மாதம் 6,000 ரூபாய்க்கு வைத்து வேலை வாங்கினார்கள். தமிழ்நாட்டில் 2012 இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 இந்திய ரூபாய்க்கு எடுத்தார்கள். நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் வருடக்கணக்கில் போராடினார்கள்.

“நிரந்தரமாக்கினால் படிப்பிக்க மாட்டார்கள்” என்று சொல்பவர்கள் உண்டு. சோம்பேறி ஆசிரியர் இல்லையென்று நாமும் சொல்லமாட்டோம், ஊரறிந்ததுதானே. ஆனால் நியமனம் பெற்றவருக்கு மூன்று வருடத் தகுதிகாண் காலம் என்று ஒன்று இருக்கிறது. வினைத்திறன் தடைதாண்டல் இருக்கிறது. வகுப்பறையின் பின்வாங்கில் இருந்து பாடம் பார்க்க வேண்டிய கல்விப் பணிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் வேலையைச் செய்யாததற்கு ஆசிரியரின் பாதுகாப்பைப் பறிப்பது என்ன நியாயம்? 1960 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வரை ஆசிரியர் பாடசாலை முகாமையாளரின் முகக்குறிப்பைப் பார்த்து நடந்தார். இன்று தொண்டர் ஆசிரியர் அதிபரின் முகத்தையும் எம்.பி.யின் முகத்தையும் பார்த்து நடக்கிறார். அறுபது வருடத்துக்கு மேல் நடந்து வந்து சேர்ந்த இடம் இதுவா?

நிரந்தர நியமனம் பெற்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. கஷ்டப் பிரதேசத்துக்கென நியமனம் வாங்கி, கடிதத்தின் மை காயுமுன் தற்காலிக “இணைப்பு” எடுத்து நகரத்துக்கு ஓடுபவர்களால்தான் அந்த நாற்பது பக்கக் கொப்பி தேவைப்படுகிறது. அவர்கள் பாதுகாப்பாக இருக்கிறார்கள், நிலாவெளிப் பிள்ளையின் கணிதம் பாதுகாப்பாக இல்லை. தொழிற்சங்கங்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கேட்பதற்கு மாகாண சபையும் இல்லை. 2017 செப்டெம்பர் 30 இல் காலம் முடிந்த சபைக்கு அதன் பிறகு தேர்தலே நடக்கவில்லை. ஆகவே ஆளுநரிடமும் மாகாணக் கல்வி அமைச்சின் செயலாளரிடமும் நேரே கேட்கிறோம். எந்தப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு வெற்றிடம் என்பதை வெளியிடுங்கள். தொண்டர் பட்டியலைப் பாடசாலை வாசலில் ஒட்டுங்கள். யார் படிப்பித்தார், யார் படிப்பிக்கவில்லை என்று ஊர் சொல்லும். தகுதியுள்ளவர்களைத் தகுதிகாண் காலத்தோடு சேவையில் எடுத்து, அதே பாடசாலையில் குறிப்பிட்ட வருடங்கள் இருக்கச் செய்யுங்கள். தகுதி போதாதவருக்கு அதை எழுத்தில் சொல்லி, உழைத்த காலத்துக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து அனுப்புங்கள். வயதெல்லை தாண்டும் வரை வாக்குறுதியில் தொங்கவிடுவதை விட அது மேல். இனி எந்த அதிபரும் சம்பளமில்லாமல் ஒருவரை வகுப்புக்குள் விடக்கூடாது என்று சுற்றறிக்கை அனுப்புங்கள்.

ஆளுநர் செயலகம் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறது. அங்கிருந்து நிலாவெளி தூரமில்லை. அறிவிக்காமல், மாலை மரியாதை இல்லாமல், ஒரு நாள் காலை ஏழரைக்கு வந்து அந்தக் கொப்பியைத் திறந்து பாருங்கள்.