எல்லா 'இச'மும் கொள்கை அன்று

"எனக்கு எந்த இசமும் கிடையாது, சாதியமும் வேண்டாம், பெண்ணியமும் வேண்டாம்." கருத்தரங்குகளில் இக்கூற்று நடுநிலை என்ற பெயரில் கைதட்டல் பெறுகிறது. இது நடுநிலை அன்று. ஒரு விகுதியைப் பிழைபடப் படித்ததன் விளைவு.

'இசம்' என்னும் ஆங்கில விகுதி, கிரேக்கத்தின் 'இஸ்மோஸ்' என்பதிலிருந்து இலத்தீன், பிரெஞ்சு வழியாக வந்தது. வினையிலிருந்து பெயரை ஆக்குவதே அதன் அடிப்படைப் பணி. நம் இலக்கணம் இதைத் தொழிற்பெயர் விகுதி என்னும். கொள்கை என்பது பின்னர் அது ஏற்ற பல பொருள்களுள் ஒன்றே.

ஜர்னலிசம் ஒரு தொழில். அமெரிக்கனிசம் ஒரு சொல்வழக்கையும் குறிக்கும். ஆல்கஹாலிசம் ஒரு நோய்நிலை. 1849இல் சுவீடன் மருத்துவர் மக்னஸ் ஹஸ் அந்நோய்க்கு இட்ட பெயரிலிருந்து பரவியது. மார்க்சிசமும் ஃபெமினிசமும் கொள்கைகள். 20ஆம் நூற்றாண்டில் ரேசிசம், செக்சிசம் ஆகியவை பாகுபாட்டைக் குறித்தன. அவ்வழியில் 1969இல் ராபர்ட் பட்லர் முதியோர்க்கு இழைக்கப்படும் பாகுபாட்டை 'ஏஜிசம்' என்றார். காஸ்டிசம் இந்த வரிசையைச் சேர்ந்தது. ஃபெமினிசத்தின் வரிசையை அன்று. முதலாளி, தொழிலாளி, நோயாளி மூன்றும் 'ஆளி' என முடிவதால் மூவரும் ஓரினம் ஆவரோ?

மொழிபெயர்ப்பிலும் இதே குழப்பம். ரேசிசத்தை 'இனவாதம்' என்று ஆய்வேடுகளில் எழுதுகிறோம். வாதம் என்றால் எதிர்வாதமும் உண்டு. இரு தரப்பும் பேசித் தீர்க்கலாம் என்றாகிவிடும். வாடகைக்கு வீடு மறுக்கப்பட்டவர் எந்த வாதத்தைச் சந்தித்தார்? ரேசிசத்துக்குப் பின்னால் ஒரு போலிக் கோட்பாடும் இருந்தது என்பர். உண்மையே. ஆயினும் அக்கோட்பாட்டை அறிவியல் மறுத்த பின்னரும் பாகுபாடு ஒழியவில்லை. ஆகவே இரண்டும் ஒன்றல்ல.

தமிழுக்கு இத்தெளிவு புதிதன்று. ஜர்னலிசத்தை இதழியல் என்றோம். டூரிசத்தைச் சுற்றுலா என்றோம். பிளேஜியரிசத்தைக் கருத்துத் திருட்டு என்றோம். அதைத் 'திருட்டியம்' என்று எவரும் எழுதவில்லை. அங்கெல்லாம் விகுதியைப் பாராது பொருளைப் பார்த்த நாம், ஒடுக்குமுறைக்குப் பெயரிடும்போது மட்டும் விகுதியைப் பற்றிக்கொள்வது ஏன்?

ஆய்வு மாணவர்களே, 'இசம்' என முடியும் சொல்லைத் தமிழாக்குமுன் அது செயலா, நிலையா, கொள்கையா, பாகுபாடா என்று கேளுங்கள். பாகுபாடு எனில், பாகுபாடு என்றே எழுதுங்கள். சாதியையும் அதை எதிர்ப்போரையும் ஒரே தட்டில் வைக்கும் நடுநிலைக்கு இலக்கணத்தில் இடமில்லை.